நீலக் கறை

அன்புள்ள கயல்,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த விண்ணப்ப நகலும் வந்தன. 'கிதாடே' வேண்டாம், வேறு நாடகம் பார் என்று நான் உனக்கு எழுதுவேன் என உன் அப்பா எதிர்பார்க்கிறான். போன வாரம் போனில் அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னான். நான் அப்படி எழுதப்போவதில்லை. விஜய் தெண்டுல்கரின் மராத்தி நாடகங்களிலேயே படிக்க மிகவும் கஷ்டமானது அது. போட வேண்டிய நாடகமும்தான். ஆனால் இந்த விண்ணப்பத்தை இப்படியே கொடுத்துவிடாதே.

'சொத்தாசையால் சிதையும் ஒரு குடும்பத்தைப் பற்றிய சமூக நாடகம்' என்று எழுதியிருக்கிறாய். பொய் ஒன்றும் இல்லை. படிக்கிற துறைத்தலைவர் ஏதோ பழைய சபா நாடகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். நீ எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்று வரிக்கு வரி தெரிகிறது. பிறகு ஒருநாள் ஒத்திகைக்கு வந்து உட்காருவார். ஒளித்துவைத்த பணத்துக்காகப் பெற்ற அப்பனை அடிக்கிற பிள்ளைகளைப் பார்ப்பார். தங்கை வெளியே போகாமலிருக்க அவள் காலை உடைத்துப் போட்டு, அவளுடைய காதலனிடம் பணம் பறிக்கக் கணக்குப் போடும் அண்ணன்களைப் பார்ப்பார். அந்த ஆள் செத்துவிட்டான் என்று தெரிந்ததும் அவள் வயிற்றில் உதைத்துக் கருவைக் கலைப்பார்களே, அதையும் பார்ப்பார். அன்றைக்கு உன்னிடம் அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி: "இதை ஏம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

அதற்குப் பதில் சொல்ல உன்னால் முடியாது. கலைச் சுதந்திரம் பற்றி நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், நன்றாகவே இருக்கிறது. ஆனால் மறைத்து வாங்கிய அனுமதிக்குச் சுதந்திரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. அதே இடத்தில், எந்த அங்கத்தில் என்ன வன்முறை வருகிறது, எந்த வசவுகள் வருகின்றன, ஒவ்வொன்றையும் மேடையில் எப்படிக் காட்டப்போகிறாய் என்று ஒளிக்காமல் எழுது. படித்துவிட்டு அவர் வேண்டாம் என்றால் அது நேர்மையான 'வேண்டாம்'. சரி என்றால், பிரச்சினை வரும்போது உன் பக்கத்தில் நிற்க அவருக்கு ஒரு காகிதம் இருக்கும்.

பிரச்சினை வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது நீயில்லை, கையெழுத்துப் போட்டவர். மகாசுவேதா தேவி இறந்த 2016இல், அவர் நினைவாக ஹரியானா மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் 'திரௌபதி' கதையை நாடகமாக்கினார்கள். ராணுவத்தை அவமதித்துவிட்டார்கள் என்று ஏபிவிபி போராட்டத்தில் இறங்கியது. விசாரணைக் குழு ஆசிரியர்களை நோக்கித்தான் திரும்பியது. 2024 மார்ச் கடைசியில் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறை விழாவில் 'சோமாயணம்', இரண்டு நாள் கழித்து பம்பாய் ஐஐடியில் 'ராஹோவன்'. இரண்டும் ராமாயணத்தைக் கேலி செய்ததாகப் புகார். புதுச்சேரியில் போலீஸ் வழக்கு வரை போனது. ஐஐடியில் நடித்த மாணவர்கள் சிலருக்குத் தலைக்கு 1.2 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். உன் நாடகத்தில் சாமி யாரும் வரவில்லை, உண்மைதான். ஆனால் குடும்பம் என்பதும் நம் ஊரில் கிட்டத்தட்டச் சாமி மாதிரிதானே. அண்ணன் தங்கையை உதைக்கிற காட்சியைச் செல்போனில் அரை நிமிடம் வெட்டி எடுத்துப் போட்டால் போதும்.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. முன்பு எங்களுக்கு இருந்த தடை வேறு மாதிரியானது. தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் 1954இல் வந்தது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் பரபரப்பாக ஓடிய வருஷம் அது. அந்தச் சட்டப்படி சென்னையில் ஒரு சின்ன நவீன நாடகம் போடுவதென்றாலும் பிரதியைப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டார், 2013இல் உயர் நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. வெள்ளைக்காரன் 1876இல் போட்ட சட்டத்தையும் 2018 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். ஆக, பிரதியைப் படித்துப் பார்த்து அனுமதி தர இன்று எந்தப் போலீஸ்காரருக்கும் வேலை இல்லை. அந்த வேலை இப்போது பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே நடக்கிறது. அதிகாரியின் முகமாவது அன்றைக்குத் தெரிந்திருந்தது.

இனி முக்கியமான விஷயம். அனுமதி கேட்கப் போவதற்கு முன்னால், இந்த நாடகத்தில் எதை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று. பத்து இருக்கக் கூடாது.

'கிதாடே' எழுதிப் பல வருஷம் கிடந்து, 1970இல்தான் ஸ்ரீராம் லாகு இயக்கத்தில் மேடைக்கு வந்தது. அந்தத் தங்கை மாணிக்கின் சேலையில் இருந்த ரத்தக் கறையைத் தணிக்கைக் குழு ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்பு கூடாது என்றது. நாடகக்காரர்கள் கறையை நீலமாக்கினார்கள். நாடகம் தொடங்குவதற்கு முன், மேடையில் நீலமாகத் தெரியும் கறையைப் பார்வையாளர்கள் சிவப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். இதைப் பலர் சாமர்த்தியம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. கறை வேண்டும், நிறம் போனால் போகட்டும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பில் நடந்தது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், அதுதான் அந்தக் காட்சி. நிறம் அதற்குத் துணைதான். அறிவிப்பைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் அந்த நீலம் வரும்வரை காத்திருந்திருப்பார்கள். வெறும் சிவப்பு அந்த வேலையைச் செய்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இரண்டு வருஷம் கழித்து 'சகாராம் பைண்டர்' வந்தபோது கமலாகர் சாரங் வேறு வழியில் போனார். தணிக்கைக் குழு சொன்ன வெட்டுகளை ஏற்காமல் நீதிமன்றம் போய் ஜெயித்தார். அதுவும் சரிதான். ஆனால் வக்கீலுக்குக் கொடுக்க உன்னிடம் பணம் இல்லை. நாடக விழா செப்டம்பரில். அதனால் லாகு வழிதான் உனக்கு.

உன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு யோசி. வசவுகளில் பாதியை எடுத்தால் நாடகம் நிற்குமா? நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். உன் தமிழில் சில வசவுகள் மராத்தி வீட்டிலிருந்து வராமல் நம் ஊர் சினிமாவிலிருந்து வந்திருக்கின்றன, அவை போனால் லாபம். குடிக்கிற காட்சியைக் குறைக்கலாமா? குறைக்கலாம். மாணிக் அந்தக் கறையோடு வருவதை எடுக்கலாமா? கூடாது. அதை எடுக்கச் சொன்னால் நாடகத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிடு. விண்ணப்பத்தில் இதைச் சண்டைக்காரி மாதிரி எழுதாதே. மற்றதைப் பேசலாம், இது மட்டும் இருக்க வேண்டும், காரணம் இது என்று நாலு வரியில் சொல்.

மாணிக்காக நடிக்கப்போகிற பெண்ணைப் பற்றி உன் விண்ணப்பத்தில் ஒரு சொல் இல்லை. பல்கலைக்கழகம் என்ன சொல்லும், விமர்சகர்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் யோசித்திருக்கிறாய். அவள் இரண்டாம் ஆண்டு மாணவி, விடுதியில் இருக்கிறாள் என்று கடிதத்தில் போகிற போக்கில் சொல்கிறாய். மணிப்பூரில் இயக்குநர் கன்னையாலால் 2000இல் அதே 'திரௌபதி' கதையைப் போட்டபோது நடிகை சாபித்ரி மேடையில் ஆடையைக் களைந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது, பல பத்தாண்டு மேடைப் பயிற்சி உடம்பில் இருந்தது. உன் பெண்ணுக்கு அது இல்லை. நீ கேட்டால் சரி என்றுதான் சொல்வாள், அக்கா கேட்கிறாளே என்று. அந்தச் 'சரி'யை நம்பாதே.

அவளிடம் முழுப் பிரதியையும் கொடு. ஒரு வாரம் கழித்து, நீ இல்லாமல், வேறொரு தோழியை விட்டுக் கேட்கச் சொல். ஒத்துக்கொண்டால், உதைக்கிற காட்சியை முதலில் வசனமே இல்லாமல், எண்ணிக்கை வைத்து, நடன அடவு மாதிரி பழக்கு. எங்கே கால் வரும், எங்கே அவள் மூச்சை விடுவாள், சத்தம் யார் எழுப்புவது என்று எல்லாம் அடவாக உட்கார்ந்த பிறகே கோபத்தைக் கொண்டுவா. உதை கண்ணில் விழ வேண்டுமா, காதில் விழுந்தால் போதுமா என்பதையும் அப்போதுதான் முடிவு செய்ய முடியும். எந்த நிமிடமும் ஒத்திகையை நிறுத்த அவளுக்கு ஒரு சொல் இருக்கட்டும். அண்ணன்களாக நடிக்கிற பையன்களையும் விட்டுவிடாதே. உதைக்கிறவனாக நடிப்பதும் ஒத்திகையோடு முடிகிற விஷயமில்லை. இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுது. துறைத்தலைவரை மசியவைப்பது இந்தப் பக்கமாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

வாசலில் எச்சரிக்கைப் பலகை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய், அது நாடகத்தின் அதிர்ச்சியைக் குறைக்கும் என்றும் பயப்படுகிறாய். வை. நீலக் கறைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லித்தான் காட்டினார்கள். தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்களின் அதிர்ச்சியை நம்பி நாடகம் போடாதே. வீட்டில் அப்படி ஒன்றைக் கடந்து வந்த பெண் அந்த அரங்கில் இருக்கக்கூடும். பாதியில் எழுந்து போக வசதியாக ஓரத்து இருக்கைகள் சிலவற்றைக் காலியாக வை.

உரிமை விஷயம் சீக்கிரமாகச் சொல்கிறேன். தெண்டுல்கர் 2008இல் காலமானார். நம் சட்டப்படி 2068 முடியும்வரை காப்புரிமை இருக்கிறது. கல்வி நிலையத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் நடித்து, அவர்களும் பெற்றோரும் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மட்டும் பார்த்தால் விதிவிலக்கு உண்டு. வெளியாட்களுக்கு டிக்கெட் போட்டால் அது போய்விடும். நீ செய்திருப்பதோ பிரியா ஆதர்க்கரின் ஆங்கிலத்திலிருந்து ஒரு தமிழாக்கம். மொழிபெயர்ப்புக்குத் தனி அனுமதி வேண்டும். இன்றைக்கே எழுதிக் கேள், பதில் வர நாளாகும். மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல மராத்தி தெரிந்த ஒருவரையும் தேடு.

உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவனுக்குக் கவலை நாடகத்தைப் பற்றி இல்லை, உன் படிப்பைப் பற்றி. ஜூலைத் தேர்வுகள் முடிந்தபிறகுதான் ஒத்திகை என்று அவனிடம் சொல்லிவிடு, அடங்கிவிடுவான்.

நாடகத்தில் வரும் ரஜனிநாத்தாக நடிக்கப்போவது யார் என்று நீ எழுதவே இல்லையே. அவன் பேசுகிற கவிதைதான் உன் தமிழாக்கத்தில் மிகவும் தடுமாறுகிறது, பையன் யாராக இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு திணறுவான். அந்தப் பகுதிகளை மட்டும் மறுபடி எழுதி, திருத்திய விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பு. இருபதாம் தேதி வரை ஊரில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அத்தை