'இதயம்' முரளி மட்டும்தானா முரளி?



நம்ம வகுப்பில் யாராவது மனசில் இருப்பதைச் சொல்லாமல் தயங்கி நின்றால் உடனே என்ன சொல்வோம்? "டேய், இதயம் முரளி!" நானும் அப்படிக் கிண்டல் செய்தவன்தான். ஆனால் அந்தப் படம் வந்தது 1991இல். நம்மில் ஒருவரும் அப்போது பிறக்கவே இல்லை. பார்க்காத படம் எப்படிப் பட்டப்பெயர் ஆச்சு? இந்த யோசனையில் பிறந்ததே இக்கட்டுரை.

முரளி 1964இல் பிறந்தவர். தமிழில் முதல் படம் 'பூவிலங்கு' (1984). 'இதயம்' படத்தில் காதலைச் சொல்ல முடியாத மருத்துவ மாணவர் ராஜாவாக நடித்தார். பிறகும் பல படங்களில் மாணவராகவே வந்ததால், "இவர் எப்பத்தான் காலேஜை முடிப்பார்?" என்று ஜனங்கள் சிரித்தார்கள். 2010 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 46தான்.

ஒரு நடிகர் இளம் வயதில் இறந்தால் அவரைப் பற்றிய நம் நினைப்பு மூன்று விதமாக மாறுகிறது.

1. கிண்டல் பாசமாகிறது. அம்மா சொன்னார்: "அப்போ சிரிச்சோம். இப்போ டிவியில அதே சீன் வந்தா சேனல மாத்த மனசு வரல."

2. முடிவை வைத்துப் பழையதைப் பார்க்கிறோம். 'இதயம்' நாயகனுக்கு இதய நோய். முரளி இறந்ததும் இதயத்தால். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, நாம்தான் முடிச்சுப் போடுகிறோம். மகன் அதர்வாவின் முதல் படமான 'பாணா காத்தாடி' 2010 ஆகஸ்டில் வந்தது. அதில் முரளி ராஜாவாகவே தலைகாட்டினார். அன்று அது தமாஷ். ஒரே மாதத்தில் அதுவே விடைபெறுவது போல ஆகிவிட்டது. காட்சி மாறவில்லை, நாம் மாறினோம்.

3. ஒரு முகம் நிற்க, மற்றவை மறைகின்றன. 'பொற்காலம்' (1997) படத்தில் வாய் பேசாத தங்கைக்காக உழைக்கும் மண்பாண்டத் தொழிலாளி. 'கடல் பூக்கள்' (2001) படத்தில் மீனவர். இரண்டாவதுக்கு மாநில அரசின் சிறந்த நடிகர் விருதே கிடைத்தது. நமக்குத் தெரியுமா?

உயிரோடு இருப்பவர் அடுத்த படத்தில் தன் முகத்தை மாற்றிக்கொள்ளலாம். இறந்தவருக்கு அடுத்த படம் இல்லை. ஹாலிவுட்டின் ஜேம்ஸ் டீன் 1955இல் கார் விபத்தில் இறந்தபோது வயது 24. நாயகனாக நடித்த 3 படங்களில் இரண்டு அவர் இறந்த பிறகே வெளிவந்தன. இன்றும் உலகம் அவரை அதே கோபக்கார இளைஞனாகத்தான் பார்க்கிறது.

இது சினிமாவோடு நிற்கவில்லை. ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட ஒரு படம் இருக்கிறது. என் மாமா. சின்ன வயசிலேயே போய்விட்டார். "தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசமாட்டான்" என்றே எல்லோரும் சொல்வார்கள். போன பொங்கலுக்கு வந்த மாமா பெண் அதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "வாய்ப்பாடு தப்பா சொன்னதுக்கு அப்பா என்னைத் திட்டினாரே. எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு. அது பொய்யா?" யாரும் பதில் சொல்லவில்லை. புகழ்கிறோம் என்று நினைத்து அவளிடமிருந்த அப்பாவைப் பறிக்கப் பார்த்தோம்.

அன்று ராத்திரி அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாமா போட்ட சண்டைகளை எல்லாம் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிந்திக்க: அடுத்த முறை யாரையாவது 'இதயம் முரளி' என்று கூப்பிடும் முன் 'பொற்காலம்' பாருங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தால், அவர் எதற்குக் கோபப்படுவார் என்றும் கேளுங்கள்.