பழைய மடிக்கணினியில் நினைவகம் எங்கே போகிறது? 8 குறிப்புகள்

திம்புள்ள, பத்தனைப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பிள்ளைகள் கையில் இருப்பது பல நேரம் யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்த மடிக்கணினிதான். அது திணறத் தொடங்கினால் "ரேம் போதாது, மாத்துங்க" என்பார்கள். லினக்ஸ் போட்ட கணினி என்றால், காசை எடுக்குமுன் அதன் மையமான கெர்னலின் கணக்கை ஒருமுறை பாருங்கள். இதற்கு இணையமும் வேண்டாம்.

1. கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பங்கிடுகிறது. நம் வீட்டுக் கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். 2 ஜிபி என்றால் 524,288 பக்கங்கள். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி இருப்பதுபோல, 64 பிட் கெர்னல் ஒவ்வொரு பக்கத்துக்கும் வழக்கமாக 64 பைட்டில் ஒரு பதிவு வைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளுக்கே 32 எம்பி வேண்டும். திரைக்கான கிராபிக்ஸும் பங்கு கேட்கும். மொத்தம் 2 ஜிபிக்குக் குறைவாகக் காட்டினால் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம்.

2. டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுங்கள். 'ஃப்ரீ' என்ற நெடுவரிசையில் எண் குறைவாக இருந்தால் பயப்படாதீர்கள். ஒருமுறை வாசித்த கோப்பைக் கெர்னல் சும்மா கிடக்கும் பக்கங்களில் வைத்திருக்கும். இடம் கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' நெடுவரிசையை. 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து இந்தக் கணக்கைக் கெர்னலே போட்டுத் தருகிறது.

3. கெர்னல் தன் சொந்த வேலைக்கு எடுப்பதைப் பார்க்க, 'ப்ராக்' கோப்புறையில் உள்ள 'மெம்இன்ஃபோ' கோப்பைத் திறந்து 'ஸ்லாப்' வரியைத் தேடுங்கள். அதன் கீழேயே இரண்டு பிரிவு: 'எஸ்ரிக்ளைமபிள்' திரும்ப எடுக்கக்கூடியது, 'எஸ்அன்ரிக்ளைம்' எடுக்க முடியாதது. யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பதை 'ஸ்லாப்டாப்' கட்டளை வரிசையாகக் காட்டும். அதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும். அதை ஒரு சாளரத்தில் ஓடவிட்டு, இன்னொன்றில் டிஸ்க் முழுவதிலும் ஒரு கோப்பைத் தேடச் சொல்லுங்கள். 'டென்ட்ரி' என்ற வரி ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோப்புப் பெயர்களின் நினைவு அது. ஏறினாலும் கெடுதல் இல்லை, தேவைப்பட்டால் இறங்கிவிடும்.

4. கவலைப்பட வேண்டியது 'எஸ்அன்ரிக்ளைம்' ஏறிக்கொண்டே போனால்தான். கணினியை அணைக்காமல், காலையிலும் மாலையிலும் அந்த எண்ணைப் பிள்ளையின் பழைய கொப்பியில் குறித்து வையுங்கள். அதே வேலைதான் நடக்கிறது, எண் மட்டும் இறங்காமல் ஏறுகிறது என்றால் ஏதோ ஒரு டிரைவர் எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்குப் புது ரேம் மருந்தில்லை. கெர்னலைப் புதுப்பித்துப் பாருங்கள்.

5. 'டிராப் கேஷஸ்' கொடுத்தால் வேகம் வரும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். அது சோதனைக்கான வசதி. வைத்திருந்ததைக் கொட்டிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி டிஸ்க்கிலிருந்து வாசிக்க வேண்டிவரும். பழைய டிஸ்க்கில் இது பெருந்தொல்லை.

6. கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் 'கேபேஜ்ஃபிளாக்ஸ்' கோப்பைச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு பக்கமும் என்ன நிலையில் இருக்கிறது என்பதை 64 பிட்டில் சொல்லும். அதைச் சுருக்கிக் காட்டும் 'பேஜ்-டைப்ஸ்' நிரல் கெர்னலின் மூலநிரலோடே வருகிறது.

7. திறந்திருந்த உலாவி திடீரென மறைந்தால் 'டிமெஸ்ஜி' கட்டளையில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இடம் போதாமல் கெர்னலே ஒரு நிரலை நிறுத்தியிருக்கிறது. எதை நிறுத்தியது என்பதும் அங்கேயே இருக்கும்.

8. கடைசியாக, கணினி திணறும் நேரத்தில் 'விஎம்ஸ்டாட் 1' ஓடட்டும். முதல் வரியை விட்டுவிடுங்கள். அது கணினி தொடங்கியதிலிருந்து எடுத்த சராசரி. ரேமுக்கும் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் இடத்துக்கும் இடையிலான போக்குவரத்தைக் காட்டும் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' நெடுவரிசைகளில் எண்கள் ஓயாமல் ஓடினால் ரேம் உண்மையாகவே போதவில்லை, வாங்கலாம். ஸ்வாப் இருந்தும் இரண்டும் பூச்சியமாகவே நின்றால் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு டேட்டா போட்டுக் கொடுங்கள்.