காவலரைப் படம் பிடிக்கலாமா?



சரக்குக் கொள்முதலுக்காகவும் உறவினரைக் காணவும் நாம் சிங்கப்பூர், சென்னை, துபாய் என்று அடிக்கடி பிரயாணம் செய்கிறோம். கைப்பேசி வந்த பின் கண்டதையெல்லாம் படம் பிடிப்பது வழக்கமாகி விட்டது. சீருடை அணிந்தவர் விஷயத்தில் மட்டும் நிதானம் அவசியம்.

நமக்கே ஒரு முறை நேர்ந்தது. அயல்நாட்டு எல்லைச் சாவடியொன்றில் வரிசையில் நின்றபோது, வீட்டாருக்கு அனுப்பலாமென்று ஒரு படம் எடுத்தோம். கடவுச்சீட்டைச் சோதிக்கும் அதிகாரியின் முகமும் அதில் விழுந்து விட்டது. தனி அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்; படத்தை அழித்த பிறகே விட்டார்கள். அதற்குள் பஸ் போய் விட்டது. நாம் பார்க்க வேண்டிய மொத்த வியாபாரியும் கடையைச் சாத்தி விட்டார். குற்றம் நம்முடையதே. தடை அறிவிப்பு சுவரில் இருந்தது; நாம் படிக்கவில்லை.

நம் நாட்டையே கவனியுங்கள். கோலாலம்பூர் இஸ்தானா நெகாரா வாயிலில் குதிரைக் காவலர் அருகே நின்று படம் எடுத்துக் கொள்கிறோம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் ராணுவ முகாம் வேலியில் 'கவாசான் லாரங்கான்' என்ற சிவப்புப் பலகை தொங்கும். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எச்சரிக்கை அது. அங்கே கைப்பேசியை உயர்த்தவே கூடாது. இரண்டு இடத்திலும் நிற்பவர் காவலரே, இடந்தான் வேறு.

நாட்டுக்கு நாடும் வேறுபாடு உண்டு. லண்டன் வீதியில் போலீஸாரைப் படமெடுக்க அனுமதி தேவையில்லை என்று அந்நகரப் போலீஸே அறிவித்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ, 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடும் விதமாகச் சம்மதமின்றிப் படமெடுப்பது பொது இடத்திலும் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ, 150,000 முதல் 500,000 திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். ஒரு கடையின் முதலே அதில் போய் விடும்!

ஆகவே மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள்:

1. எல்லைச் சாவடி, விமான நிலையச் சோதனை, ராணுவ இடம் ஆகியவற்றில் கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

2. மற்ற இடங்களில் முதலில் கேளுங்கள். அவர் தலையசைத்த பின் எடுங்கள்.

3. தடுத்தால் வாதாடாதீர்கள், உண்மையைச் சொல்லுங்கள். காவலில் வைத்தால், புரியாத மொழித் தாளில் கையொப்பமிடாமல், நம் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேளுங்கள். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை அது.

பிறர் வீட்டில் ஸலாம் சொல்லி, அனுமதி பெற்றே நுழைய வேண்டுமென்பது சூரத்துன் நூர் கற்பிக்கும் அதபு. பிறர் நாடும் பிறர் வீடுதானே!