முதலில் வெறும் பீமை ஆட்டிப் பாருங்கள்

அதிர்வுத் துறையில் வேலை தேடி வரும் இளம் பொறியாளர்கள் பலரும் கம்ப்யூட்டரில் வண்ணமயமாக ஆடும் பீம் படங்களோடு வருகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: கையால் ஒரு பீம் செய்து பார்த்தீர்களா?

நான் சொல்வது ஈ.ஆர். (எலக்ட்ரோரியாலஜிகல்) திரவம் நிரப்பிய பீமை. ஈ.ஆர். திரவம் என்பது எண்ணெயில் ஸ்டார்ச் போன்ற நுண்துகள்கள் மிதக்கும் கலவை. மின்புலம் கொடுத்தால் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, சில மில்லி விநாடிகளில் எண்ணெய் இறுகும். நிறுத்தினால் மறுபடி ஓடும். அமெரிக்கரான வில்லிஸ் வின்ஸ்லோ 1947-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீட்டிலேயே பார்க்கலாம். கார்ன்ஃபிளவர் மாவைச் சமையல் எண்ணெயில் கரைத்துக் கரண்டியிலிருந்து ஒழுகவிட்டு, தலைமுடியில் தேய்த்த பலூனை அருகே கொண்டுபோங்கள். ஒழுக்கு தடித்துத் தயங்கும்.

இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடம் விட்டு, ஓரங்களை ரப்பரால் அடைத்து ஈ.ஆர். திரவத்தை நிரப்பினால் அடுக்கு பீம் தயார். தகடுகளே மின்முனைகள். பீம் வளையும்போது நடு அடுக்கு சறுக்கி ஆற்றலைத் தின்கிறது. வோல்டேஜ் ஏற ஏற அந்த அடுக்கு விறைக்கிறது, பீமின் இயல் அதிர்வெண் மேலே நகர்கிறது. ஓடும் மோட்டாரின் அதிர்வெண்ணிலிருந்து பீமை நினைத்த நேரத்தில் விலக்கி வைக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

நிரப்புவதில்தான் கைத்திறன் தெரியும். சிரிஞ்சில் எடுத்து, பீமைச் சாய்த்துப் பிடித்து, கீழ்முனையிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். என் முதல் பீமில் ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டது. 2 கிலோவோல்ட்டில் 'படக்' என்று பொறி பறந்து, ரப்பர் ஓரம் கருகி எண்ணெய் மேசையெல்லாம் வழிந்தது. மழைக்காலத்தில் ஸ்டார்ச் ஈரம் குடிக்கும், கசிவு மின்னோட்டம் ஏறும். அடுப்பில் உலர்த்திய பிறகே கலக்குங்கள். கரண்டைக் கட்டுப்படுத்தும் சப்ளை, தரையிணைப்பு, பக்கத்தில் இன்னொரு ஆள், இந்த மூன்றும் இல்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது.

அளப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் வெறும் பீம், அடுத்து திரவம் நிரப்பி வோல்டேஜ் இல்லாமல், பிறகுதான் வோல்டேஜோடு. ஒவ்வொரு முறையும் அதிர்வெண்ணுக்கு எதிராக அதிர்வின் அளவை வளைவாக வரையுங்கள். உச்சத்தின் 0.707 பங்கில் அந்த வளைவின் அகலத்தை எடுத்து இயல் அதிர்வெண்ணால் வகுத்தால் இழப்புக் காரணி கிடைக்கும். 40 ஹெர்ட்ஸ் பீமில் அகலம் 2 ஹெர்ட்ஸ் என்றால் 0.05. நேர்காணலில் "வோல்டேஜ் ஏற்றினால் தணிப்பு கூடுமா?" என்று கேட்டால் அவசரப்பட்டு ஆமாம் சொல்லாதீர்கள். அசைவு பெரிதானால் சங்கிலிகள் அறுந்து கணக்கே மாறிவிடும்.

ஈ.ஆர். திரவத்துக்கென்றே வேலைகள் குறைவு. துகள் படிவது, வெப்பத்தில் தன்மை மாறுவது, கிலோவோல்ட் தேவை எல்லாம் அதைப் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே நிறுத்தியிருக்கின்றன. காந்தத்தால் இறுகும் எம்.ஆர். திரவம் 2002-லேயே கார் ஷாக் அப்சார்பருக்குள் போய்விட்டது. ஆனால் இங்கே பழகிய கை வாகன நிறுவனங்களின் என்.வி.ஹெச். (இரைச்சல், அதிர்வு, கரடுமுரடு) பிரிவிலும் அதிர்வுச் சோதனைக் கூடங்களிலும் அப்படியே உதவும். அங்கே போகும்போது அந்த மூன்று வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து, அளந்த அன்றைய வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஓரத்தில் குறித்து எடுத்துப் போங்கள்.