பல்டிக்கு முன் குதிக்கப் பழகுங்கள்

மொட்டை மாடியில் மெத்தையை விரித்து, வீடியோவைப் பார்த்து, நானே பேக்ஃப்ளிப் பழகிக்கொள்ளலாமா? முப்பதைக் கடந்தவர்கள் இந்தக் கேள்வியை இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலும் சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கமே போகாதவர்கள், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். ஆசையில் தப்பில்லை. அதற்கான பயிற்சியில் முக்கால் பங்கை வீட்டிலேயே செய்யலாம். பல்டியை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள்.

காரணம் நேரம். நின்ற இடத்தில் 40 செ.மீ. எம்பிக் குதிப்பவர் காற்றில் இருப்பது சுமார் 0.57 விநாடி. 30 செ.மீ.தான் எம்புவார் என்றால் அரை விநாடி கிடைத்தாலே அதிகம். அதற்குள் உடம்பு பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிக் காலூன்ற வேண்டும். தரையை விட்டுக் கிளம்பியபின் இந்த நேரத்தை நீட்டிக்க வழியே கிடையாது. சுழலும் வேகம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டால் வேகம் கூடும், உடம்பை விரித்தால் குறையும். தலைகீழாக இருக்கும் அந்தக் கணத்தில் பயம் வந்தவர் கை காலை விரிப்பார். அது அனிச்சையாக நடப்பது, யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் விரித்த உடனே சுழற்சி தொய்ந்து, காலுக்குப் பதில் தலையோ கழுத்தோ தரையில் இறங்கும். முழுதாகச் சுற்றி முடித்தவருக்குக் கணுக்கால் பிசகலாம். நடுவானில் மனம் மாறியவருக்குத்தான் கழுத்து முறிகிறது.

இன்னொரு தப்பு, தலையைப் பின்னால் எறிவது. 'பின்னால் போக வேண்டும்' என்று நினைத்த மாத்திரத்தில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். தலை பின்னால் சாய்ந்தால் முதுகு வளையும், இடுப்பு மேலே ஏறாது, எம்பும் உயரமும் குறையும். பழகியவர்களைக் கவனித்துப் பாருங்கள்: கைகள் காதோரமாக மேலே போகும், கால் தரையை விடும்வரை பார்வை எதிர்ச்சுவரில் இருக்கும். அவர்கள் முதலில் மேலே குதிக்கிறார்கள். சுழல்வது அதற்கு அப்புறம்தான்.

காலில் வலு இல்லாமல் காற்றில் சுழன்றால் எவ்வளவு பெரிய வீரர்களும் தப்ப முடியாது. சோவியத் வீராங்கனை எலேனா முகினா 1978-இல் உலகச் சாம்பியன் ஆனவர். அடுத்த ஆண்டு அவருக்குக் கால் முறிந்தது. அது சரியாகத் தேறுவதற்கு முன்பே மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்காகப் பயிற்சியில் இறக்கப்பட்டார். 1980 ஜூலையில், போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது, மின்ஸ்க் நகரில் தாமஸ் சால்ட்டோ என்ற கடினமான கரணத்தைச் செய்தார். போதிய அளவு சுழலவில்லை, தாடை தரையில் இடித்துக் கழுத்து முறிந்தது. 2006-இல் இறக்கும்வரை அவர் கை கால் செயலிழந்தே வாழ்ந்தார். வாழ்க்கை முழுக்கப் பயிற்சி செய்தவர் அவர். நாமோ பஸ்கி எடுத்தே பல வருடம் ஆகியிருக்கும்.

மெத்தை இருக்கிறதே என்பார்கள். இலவம்பஞ்சு மெத்தை டைல்ஸில் வழுக்கும். ஃபோம் மெத்தை குதிக்கும்போது காலின் விசையைத் தின்றுவிடும், இறங்கும்போது கணுக்காலை மடக்கும். மாடி என்றால் கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் எங்கே இருக்கின்றன என்பது தலைகீழாக இருப்பவருக்குத் தெரியாது. கடற்கரையில் காய்ந்த மணலும் எம்பவிடாது. ஈர மணலோ சிமென்ட் மாதிரி கெட்டி. கிராமத்தில் வளர்ந்தவர்கள் கிணற்றுப் பல்டியை நினைவுபடுத்துவார்கள். கிணறு நிறைய ஆழம் இருந்து, சுற்றுச்சுவரும் படியும் தள்ளி இருந்ததால் தப்பித்த கூட்டம் அது. ஆழம் தெரியாத நீரில் தலைகுப்புறப் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்வது ஊருக்கு ஊர் நடக்கிறது. முதுகைத் தாங்கிப் பிடிக்கத் தம்பியையோ மனைவியையோ நிறுத்துவது இன்னும் மோசம். உங்கள் முழங்கால் அவர் முகத்தில் இடிக்கும், பயத்தில் கையை எடுத்துவிடுவார். பிறகு இரண்டு பேருக்கும் அடி.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? சுவரோரம் நின்று கையை உயர்த்தி, விரல் எட்டும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பிறகு நின்ற இடத்திலிருந்து குதித்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைவெளி 40 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் நான் உங்களைப் பல்டிப் பக்கம் விடமாட்டேன். குதிக்கத் தொடங்குவதற்கும் அவசரம் வேண்டாம். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஆண்கள் பழக்கமில்லாமல் திடீரென்று குதித்தால் குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாண் அறுந்துபோவதுண்டு. பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டார். ஆகவே முதல் மாதம் குதிப்பே வேண்டாம்: பஸ்கி, படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, இவ்வளவு போதும். அடுத்து சின்னக் குதிப்புகள், சத்தமில்லாமல் முழங்காலை மடக்கி இறங்கும் பழக்கம். அதற்கும் அடுத்து, குதித்து முழங்காலை மார்புக்குக் கொண்டுவருவது. மல்லாந்து படுத்து, கையை மேலே நீட்டிய நிலையிலிருந்து சட்டென்று சுருளவும் பழகுங்கள். பின்பக்கமாக உருள்வதைத் தோள்பட்டை வழியாகச் செய்யுங்கள், கழுத்தின் மேல் பாரம் ஏறக் கூடாது. மூன்று நான்கு மாதம் ஆகும். அலுப்பாகத்தான் இருக்கும்.

கழுத்துத் தேய்மானம், தலைசுற்றல், எலும்பு பலவீனம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், விழித்திரைக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

கால் தயாரானதும் ஜிம்னாஸ்டிக்ஸோ பார்க்கூரோ கற்றுத்தரும் இடத்துக்குப் போங்கள். ஃபோம் துண்டுகள் நிரப்பிய பள்ளம் இருக்கிறதா, இடுப்பில் கட்டிக் கயிற்றால் தாங்கும் பெல்ட் உண்டா, பெரியவர்களுக்குக் கற்றுத்தந்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். பயிற்சியாளர் ஒரு கையை உங்கள் இடுப்புக்குப் பின்னாலும் மற்றதைத் தொடைக்குப் பின்னாலும் கொடுத்துச் சுற்றிவிடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் நாளே 'வாங்க, அடிச்சிடலாம்' என்று உற்சாகப்படுத்துகிறவர் என்றால் கட்டிய பணத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்லியும் யாராவது வீட்டில் அடித்துக் கழுத்திலோ முதுகிலோ விழுந்துவிட்டால், பதறித் தூக்கி உட்காரவைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்திருக்கட்டும், இழுக்கவோ திருப்பவோ வேண்டாம். கை கால் விரல்களை அசைக்க முடிகிறதா, மரத்துப்போகிறதா என்று கேட்டு வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். விழுந்தவர் தானே எழுந்து நடந்தாலும் கழுத்தில் வலியோ கையில் மரமரப்போ இருந்தால் ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முறிந்த கழுத்தோடு சிலரால் நடக்கவும் முடியும்.