குதிரை உன் பெயரில் இருக்கட்டும்

அன்புள்ள தம்பி,

போகலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். போ. படிப்பு முடித்த வருஷமே பெங்களூர் ஸ்டுடியோவில் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கீரமங்கலத்தில் உட்கார்ந்திரு என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் உன் அப்பா போனில் கேட்டது வேறு கேள்வி. "கேம் கம்பெனியெல்லாம் கூட்டம் கூட்டமா ஆளை வேலைய விட்டு எடுத்துடுறானாமே, பேப்பர்ல போட்டிருக்கான். நிலையான வேலைதானாம்மா?" இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் இல்லை, இல்லையென்று தெரிந்தும் எப்படிப் போக வேண்டும் என்பதை உனக்கு எழுதுகிறேன்.

பேப்பரில் வந்தது பொய்யில்லை. 2023 செப்டம்பரில் 'ஃபோர்ட்நைட்' செய்யும் எபிக் 830 பேரை வேலையை விட்டு அனுப்பியது. 2024 பிறந்து இரண்டு மாதத்துக்குள் யூனிட்டி 1,800, ரையட் 530, மைக்ரோசாஃப்ட் 1,900, சோனி 900, இ.ஏ. 670. நீ தினமும் திறந்து வைத்து வேலை பழகும் யூனிட்டியைச் செய்தவர்களில் நான்கில் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார். காரணம் பெரிய மர்மம் இல்லை. கொரோனா காலத்தில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடியது. வட்டியும் குறைவு. கடன் வாங்கி ஆள் எடுத்தார்கள், ஸ்டுடியோ ஸ்டுடியோவாக விலைக்கு வாங்கினார்கள். ஊரடங்கு முடிந்து வட்டி ஏறியதும் கணக்கு உதைத்தது. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கி முடித்தது 2023 அக்டோபரில். அந்த 1,900 பேருக்கு ஓலை போனது அடுத்த ஜனவரியில். வாங்குவதற்குப் பணம் இருந்தது, வைத்துக்கொள்வதற்குத்தான் இல்லையாம்.

நல்லா வேலை செய்தால் நம்மைத் தொடமாட்டார்கள் என்று நீ நினைப்பாய். எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறோம். 'ஹை-ஃபை ரஷ்' என்ற ஆட்டத்தைச் செய்த டாங்கோ ஸ்டுடியோவைத் தேடிப் படித்துப் பார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விருதும் வந்தது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தது. பிறகு கிராஃப்டன் என்ற கொரியக் கம்பெனி எடுத்து நடத்துகிறது, அது அவர்கள் அதிர்ஷ்டம். வேலை போவதற்கும் உன் கைக்கும் சம்பந்தம் இல்லை என்பதை இப்போதே மனசில் எழுதி வைத்துக்கொள். போகிற அன்று நீயே உன்னை நம்பமாட்டாய்.

அமெரிக்காக் கதை போதும், பெங்களூருக்கு வா. 2025 பிப்ரவரி கடைசியில் டெக்னிகலர் சரிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பழைய பெயர். சினிமாவுக்கு எம்.பி.சி., அனிமேஷனுக்கு மிக்ரோஸ், விளையாட்டுகளுக்குத் தனியாக ஒரு பிரிவு என்று எல்லாம் அதற்குள் இருந்தன. சில வாரங்களுக்கு முன்புதான் எம்.பி.சி. வேலை பார்த்த 'முஃபாசா' தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கடன், கொரோனாவுக்குப் பிந்தைய இழுபறி, 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தால் வற்றிப்போன ஆர்டர் என்று காரணம் சொன்னார்கள். பெங்களூரிலும் மும்பையிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். அந்த மாதச் சம்பளம் வருமா என்பதே கேள்வியாக நின்றது. எங்கேயோ லாஸ் ஏஞ்சல்ஸில் கதை எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்தால், இரண்டு வருஷம் கழித்து ஒயிட்ஃபீல்டு பி.ஜி.யில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைக்கு வாடகை கொடுக்க முடியாது. இந்தத் தொழிலின் கயிறு அவ்வளவு நீளம்.

என்னையும் ஒரு கம்பெனி அனுப்பியது, அதன் பெயர் இங்கே வேண்டாம். மீட்டிங் என்று லிங்க் வந்தது. கேமராவை அணைத்துவிட்டு எச்.ஆர். பெண் ஒருத்தி எழுதி வைத்ததை வாசித்தாள். அவள் வாசித்து முடிக்கும்போதே என் மெயில் மூடிக்கொண்டது. ஸீபிரஷ் மென்பொருளில் பாதி செதுக்கிய தோள் கவசம் ஒன்று திறந்து கிடந்தது. ஆணித் தலைகளில் துரு ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் திரை பூட்டிக்கொண்டது. சம்பளம் போனதைவிட அந்தக் கவசத்தை முடிக்கவில்லையே என்பதுதான் அன்று ராத்திரி உறுத்தியது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் இந்த வேலைக்காரர்கள் அப்படித்தான்.

பணக் கஷ்டம் பிறகு வந்தது. பெங்களூர் வீட்டு அட்வான்ஸ் திரும்பி வராது, வந்தாலும் பெயின்ட் அடித்த கூலியைக் கழித்துக்கொண்டுதான் வரும். அதையும் தாங்கிவிடலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு வருவதுதான் தாங்க முடியாதது. என்னோடு வேலை போன தோழி ஒருத்தி, வீட்டில் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லிவிட்டுத் தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து உட்காருவாள். அம்மா காபி கொண்டுவந்து வைக்கும்போது ஏதாவது தட்டுவாள். அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு என்ன கம்பெனி?" என்று கேட்டால் பழைய பெயரைச் சொல்வாள். அந்தப் பொய்யைச் சுமந்த மாதங்களில் அவள் தலைமுடி கொட்டியதை நான் பார்த்தேன். வேலை இழந்தவர்களின் எண்ணிக்கையைப் பத்திரிகையில் போடுகிறார்கள். இது அந்த எண்ணிக்கைக்குள் வராது.

அதனால் முதல் புத்தி: வீட்டில் சொல். இப்போதே சொல்லி வை. "அப்பா, இது கவர்மென்ட் உத்தியோகம் மாதிரி இல்லை. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறும், நடுவில் சும்மா இருக்கவும் நேரிடும்." கஜா புயலில் ஒரே ராத்திரியில் தென்னையும் பலாவும் சாய்ந்ததைப் பார்த்த மனுஷர் அவர். நீ நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார். உன் பேரைச் சொல்லி அவர் கடன் வாங்காமல் இருப்பார், அது முக்கியம். ஆறு மாதச் செலவு கையில் சேரும் வரை இ.எம்.ஐ. என்ற வார்த்தையே உன் வாயில் வரக் கூடாது. பைக்கும் அதில் சேர்த்திதான்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இப்படி வேலை போவது புதுசும் இல்லை. இலுப்பூர், அன்னவாசல் பக்கம் வயதானவர்களைக் கேட்டுப் பார். திருச்சி வியாபாரிகளுக்காகச் செயற்கை வைரம் பட்டை தீட்டும் பட்டறைகள் ஒரு காலத்தில் அந்தப் பக்க ஊர்களில் வீட்டுக்கு வீடு இருந்தன. சாணைச் சக்கரத்தின் முன்னால் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கடுகளவு கல்லில் கண்ணால் அளந்தே கோணம் பிடிப்பார்கள், அளவுகோல் கிடையாது. பிறகு இயந்திரத்தில் தீட்டிய கல் சீனாவிலிருந்து மலிவாக வந்து இறங்கியது. ஆர்டர் நின்றது. யார் கையிலும் தொழில் குறைந்துபோகவில்லை. கல் வியாபாரியுடையது, ஆர்டர் வியாபாரியுடையது, தீட்டிய கல் எந்த மோதிரத்துக்குப் போயிற்று என்பதுகூட இவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் மிஞ்சியது சக்கரமும் இருமலும்தான். கொஞ்சம் பேர் திருப்பூருக்கும் கொஞ்சம் பேர் சிங்கப்பூருக்கும் போனார்கள். "நான் தீட்டியது இது" என்று காட்ட ஒருவரிடமும் ஒரு கல் இல்லை.

உனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நீ போகிற ஸ்டுடியோவில் முதல் நாளே என்.டி.ஏ. என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை நீட்டுவார்கள், கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதன்பின் நீ செய்கிற ஒவ்வொரு கோப்பும் அவர்களுடையது, அவர்களுக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியுடையது. ஆட்டம் வெளிவரும் வரை காட்டக் கூடாது. அது ரத்தானால் எப்போதுமே காட்டக் கூடாது. நடுவில் உன்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டால், ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலில் உன் பெயர் வராமலும் போகலாம். அவுட்சோர்சிங் வேலையில் ஸ்டுடியோ பெயரை மட்டும் போட்டு முடித்துவிடுவதும் உண்டு. மூன்று வருஷம் உழைத்துவிட்டு இன்டர்வியூவில் கல்லூரியில் செய்த மாடலைக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காட்டுவதற்கு உன்னுடையது என்று ஒன்று வேண்டும், அதற்குத்தான் குதிரை. நீ அனுப்பிய குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரை மாடலை முழுசாகச் சுற்றிப் பார்த்தேன். எலும்பும் தசையும் நன்றாக நிற்கின்றன. பின்னங்கால் முட்டி மட்டும் நிஜக் குதிரையைப் பார்த்துச் செய்திருக்கிறாய். அந்தச் சிலையில் அப்படி இல்லை, அது கொத்தனார் மனசில் இருந்த குதிரை, அதன்படியே செய். அதைவிடப் பெரிய விஷயம் மாலைகள். மாசிமகத்தன்று அந்தக் குதிரை மேல் விழுகிற காகிதப்பூ மாலைகளுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு பூவையும் தனியாக மாடல் செய்திருக்கிறாய், அதனால்தான் கோப்பு திறக்கவே முக்குகிறது. தலைமுடிக்குச் செய்வதுபோல் ஆல்ஃபா கார்டாக, அதாவது படம் ஒட்டிய தட்டைத் தகடாகப் போடு. பத்துப் பன்னிரண்டு வகைப் பூ போதும், திருப்பித் திருப்பி வை. மேல் அடுக்கு புதுசு, நிறம் பளிச்சென்று இருக்கும். அடியில் இருப்பது பனியில் நனைந்து சாயம் இறங்கி, வெள்ளைக் குதிரை மேல் ரோஸ் கறையாக வழியும். அந்தக் கறையை யாரும் உனக்கு ரெஃபரன்ஸாக அனுப்பமாட்டார்கள். அது உன் ஊரில் மட்டும்தான் இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் இந்தக் குதிரை மாதிரிச் சொந்த வேலைக்கு ஒதுக்கு. சொந்தக் கம்ப்யூட்டரில், சொந்த மென்பொருளில், ஆபீஸ் நேரத்துக்கு வெளியே. பிளெண்டர் இலவசம். கம்பெனி லைசென்ஸில் செய்தால் உரிமைச் சண்டை வரும். ஒப்பந்தத்தில் "பணிக்காலத்தில் செய்த எல்லாப் படைப்பும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதியிருந்தால், சொந்த வேலைக்கு விலக்கு எழுதித் தரச் சொல்லிக் கேள். புதுசாகச் சேர்கிறவன் எப்படிக் கேட்பது என்று தயங்காதே, கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்குகிற இடத்துக்கு நீ போகவே வேண்டாம். க்ரஞ்ச் என்று இரவு பகலாக வேலை வரும், டெட்லைன் வரும், ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பார்கள். சில ஞாயிறு கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். எல்லா ஞாயிறும் கொடுக்காதே.

ரம்மி கம்பெனிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம நாட்டில் ரொம்ப நாளாகக் கேம் கம்பெனி என்றால் பாதி பேருக்குச் சீட்டாட்ட ஆப்பாகத்தான் இருந்தது. சம்பளமும் அங்கேதான் அதிகமாக இருந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. அடுத்த சில நாட்களிலேயே எம்.பி.எல். என்ற கம்பெனி இந்தியாவில் இருந்த தன் ஆட்களில் 60 விழுக்காட்டை, சுமார் 300 பேரை, அனுப்பப்போகிறது என்று செய்தி வந்தது. சட்டம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆன்லைன் ரம்மியில் தோற்றுத் தூக்கு மாட்டிக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று பார்த்துத்தானே இங்கே ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு 2022-லேயே அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த ஆப்பில் பட்டன் வரைந்த பிள்ளைக்கும் வீட்டு வாடகை உண்டு. யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. அப்படி ஆஃபர் வந்தால் சம்பளத்தைப் பார்க்காதே, எந்தப் பணத்திலிருந்து அந்தச் சம்பளம் வருகிறது என்று பார்.

இனி காகிதம். நம்ம பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான். ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், டி.டி.எஸ். சான்றிதழ், பி.எஃப். எண், அப்ரைசலில் பாராட்டி எழுதிய கடிதம் எல்லாம் உடனுக்குடன் சொந்த மெயிலுக்கு வந்து சேர வேண்டும். கம்பெனி மெயில் ஒரு நொடியில் மூடும். சர்டிஃபிகேட் ஒரிஜினலை யாருக்கும் கொடுக்காதே. ராஜினாமா எழுதிக் கொடு என்று நெருக்கினால் உடனே எழுதாதே. நீயாகப் போனதற்கும் அவர்கள் அனுப்பியதற்கும் சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு வருஷம் வேலை பார்த்த தொழிலாளியை அனுப்ப ஒரு மாத நோட்டீஸும், பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கையால் வேலை செய்கிறவர் மட்டுமல்ல, தொழில்நுட்ப வேலையும் எழுத்து வேலையும் செய்கிறவரும் அதில் தொழிலாளிதான், ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அல்ல. 'லீட்', 'மேனேஜர்' என்று பட்டம் ஒட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பிலிருந்து நழுவிவிடும் ஆபத்து உண்டு. சம்பளம் ஏற்றாமல் பட்டம் மட்டும் கொடுத்தால் சிரித்துக்கொண்டே யோசி.

யூனியன் என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஆபீஸில் இருப்பார்கள். 2015 ஜனவரியில் சென்னையில் டி.சி.எஸ். வேலைநீக்கத்தை எதிர்த்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார். கம்பெனி அவருடைய வேலைநீக்கத்தைத் திரும்பப் பெற்றது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று 2016-இல் தமிழ்நாடு அரசே தெளிவாகச் சொன்னது. பெங்களூரில் ஐ.டி. ஊழியர் சங்கமாக கே.ஐ.டி.யூ. இருக்கிறது. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் கேம் தொழிலாளர்களே தங்களுக்கென்று சங்கம் தொடங்கினார்கள், வேலை போனவர்களும் அதில் உறுப்பினராகலாம். சேர்வதும் சேராததும் உன் இஷ்டம். ஆனால் உன் டீமில் உள்ளவர்களின் சொந்த நம்பர் உன் போனில் இருக்கட்டும். ஆபீஸ் சாட் மூடிய பிறகு, யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வழி.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு காப்பி அனுப்பு. நோட்டீஸ் காலம் உனக்கும் அவர்களுக்கும் ஒரே அளவா, பாண்ட் என்று ஏதாவது சொருகியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அக்கா
புதுக்கோட்டை