மூன்றாம் வீரவல்லாளன்: வரலாற்று மைந்தனும் திருவண்ணாமலை மரபின் மைந்தனும்

முன்னுரை

மறைந்த அரசன் ஒருவனின் பெருமையை அவன் வெற்றிகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவனுக்காகத் துக்கம் காப்பவர் எவர் என்பதும் தீர்மானிக்கிறது. ஓய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனின் முடிவை வரலாறும் திருவண்ணாமலை மரபும் எவ்வாறு மதிப்பிடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வரலாறு காட்டும் மன்னன்

1311இல் மாலிக்காபூர் படையெடுத்தபோது வல்லாளன் பணிந்து திறை செலுத்தினான். தன் மகனை டெல்லிக்கு அனுப்பினான். அம்மகன் 1313இல் நாடு திரும்பினான். பிற்காலத்தில் வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு மதுரைச் சுல்தானியத்தை எதிர்த்தான். 1342இல், ஏறத்தாழ எண்பது அகவையில், கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டபோது கியாசுத்தீனின் படையிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோல் உரிக்கப்பட்டு, வைக்கோல் திணிக்கப்பட்டு, மதுரை மதிலில் தொங்கியதைத் தாம் கண்டதாக இபன் பதூதா எழுதுகிறார். அவர் மனைவியும் சுல்தானின் மனைவியும் உடன்பிறந்தோர். உறவினர் செய்த கொடுமையையே அவர் மறையாது பதிந்திருப்பதால் இச்சான்று வலுப்பெறுகிறது. 1343இல் மகன் நான்காம் வல்லாளனாக முடிசூடினான். சில ஆண்டுகளிலேயே ஓய்சளர் ஆட்சி முடிவுற்றது.

மரபு காட்டும் மன்னன்

சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாளன் மகப்பேறற்றவன். அடியவராக வந்த இறைவனுக்கு அளித்த வாக்கைக் காக்க இளைய தேவி சல்லமா முன்வருகிறாள். அவள் தீண்டியதும் இறைவன் குழவியாகிறான். இதன்வழி அண்ணாமலையார் மன்னனின் மைந்தராகிறார். தைப்பூசத்தன்று ஈசானிய குளத்தில் தீர்த்தவாரி முடித்துத் திரும்பும் இறைவன், தந்தை இறந்த செய்தி கேட்டு மேளதாளமின்றிக் கோயில் சேர்கிறார். மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரையில் திதி கொடுக்கிறார்.

மதிப்பீடு

மகன் இருந்த மன்னனை மரபு மகவற்றவனாக்கியது ஏன்? குலமும் அரசும் விரைவில் அழிந்தமையால் ஆண்டுதோறும் கடன் செய்யும் வழித்தோன்றல் எவரும் நிலைக்கவில்லை. அவ்வெற்றிடமே புராணத்தில் மகப்பேறின்மையாக உருக்கொண்டது எனக் கருத இடமுண்டு. பகைவர் இழிவுபடுத்திய உடலுக்கு ஊர் தன் இறைவனைக் கொண்டே நீர்க்கடன் ஆற்றுகிறது. ஆகவே இம்மரபை வரலாற்றுப் பிழையென ஒதுக்குவது பொருந்தாது. அது ஊரார் வழங்கிய தீர்ப்பு.

ஆயினும் அத்தீர்ப்பு முழுமையானதன்று. 1311இன் பணிவும் திறையும் அதில் இடம்பெறவில்லை. மன்னனின் வாய்மையைக் காத்த சல்லமாவின் ஈகமும் கணவனின் புகழுக்குள் அடங்கிவிடுகிறது.

முடிவுரை

வரலாறு வல்லாளன் எவ்வாறு ஆண்டான், எவ்வாறு வீழ்ந்தான் என்பதை உரைக்கிறது. சடங்கு அவனை இழந்தோர் எவர் என்பதை உரைக்கிறது. இவ்விரண்டில் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறுக்காமல், இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே அவனுக்குரிய நடுநிலையான மதிப்பீடாகும்.